நல்ல கால் எது?

எங்கள் பிசியோதெரபி அறையின் ஜன்னலோரம் ஒரு மரப் படிக்கட்டு உண்டு. இந்தப் பக்கம் நான்கு படி ஏறி அந்தப் பக்கம் நான்கு படி இறங்கலாம். எங்கும் போய்ச் சேராது. மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்தவர்களை வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தைய நாள் அதில் ஏற்றி இறக்கிப் பார்ப்போம். அதற்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். இருபது வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி, யாராவது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதுதான் வாயில் வரும்.

நத்தம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, வயது 66, அந்தப் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்து நாள் முன்பு இரண்டு முட்டியையும் ஒரே நாளில் மாற்றியிருந்தார்கள். பழக்க தோஷம், "நல்ல காலை முதல்ல வைங்கம்மா" என்றுவிட்டேன். அவர் குனிந்து இந்தக் காலைப் பார்த்தார், அந்தக் காலைப் பார்த்தார். இரண்டிலும் தொடையிலிருந்து கணுக்கால் வரை கிரேப் பேண்டேஜ்.

"இதுல நல்ல கால் எதுத்தா?"

பக்கத்தில் நின்ற ஆயாக்கா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பதிலும் வரவில்லை. கடைசியில் எந்தக் காலை நீட்டியபடி கட்டிலிலிருந்து தூக்க முடிகிறதோ அதையே நல்ல கால் என்று வைத்துக்கொண்டோம். அவருக்கு அது இடது. மறுநாள் காலையில் வலது கால் இன்னும் நன்றாக உயர்ந்தது. "நேத்து சொன்னது தப்பாப் போச்சே" என்றார்.

இரண்டையும் ஒரேயடியாகச் செய்துவிடலாமா, ஒன்று ஒன்றாகச் செய்யலாமா? இந்தக் கேள்வி டாக்டரின் அறையில் எழுந்து, அங்கேயே தீர்ந்துவிட வேண்டியது. ஆனால் டாக்டரிடம் தலையாட்டிவிட்டு வருகிற குடும்பம், வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டு மறுபடி அதையே கேட்கும். "நீங்கதான் தினம் பாக்குறீங்க, உண்மையைச் சொல்லுங்க" என்று. நான் பார்த்தவரை, பல வீடுகளில் இதைத் தீர்மானிப்பது முட்டியுமில்லை, டாக்டருமில்லை. மகனின் லீவு. அவன் டல்லாஸிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மூன்று வாரத்துக்கு வருகிறான். அந்த மூன்று வாரத்துக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் தை மாதம் பேத்தி கல்யாணம். நான் மகன்களைக் குறை சொல்லவில்லை. மூன்று வார லீவு எடுக்க அவன் அங்கே யார் யாரிடம் கெஞ்சியிருப்பான் என்று தெரியும். ஆனால் லீவுக் காலண்டரை வைத்து ஒரு மனுஷியின் நுரையீரல் எவ்வளவு தாங்கும் என்று சொல்ல முடியாது.

நுரையீரல் எங்கே வந்தது என்று கேட்பார்கள். படிக்கும் காலத்தில் தியேட்டருக்குள் ஒரு மூலையில் நின்று ஒரு முழு ஆபரேஷனையும் பார்த்திருக்கிறேன். முட்டியை அப்படியே கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டுவார்கள் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தொடை எலும்பின் நுனியிலும் கால் எலும்பின் தலையிலும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் சீவி எடுக்கிறார்கள். மேலே ஓர் உலோகத் தொப்பி, கீழே ஓர் உலோகத் தட்டு, நடுவில் ஜவ்வுக்குப் பதிலாகப் பாலிஎத்திலீன். ஆனால் சீவும் கோணம் பிசகக்கூடாது. அதற்காகத் தொடை எலும்பின் நடுவே துளையிட்டு நீளமான ஒரு கம்பியை உள்ளே செலுத்துவார்கள். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைக் கொழுப்பு அந்த அழுத்தத்தில் நசுங்கி ரத்தத்தில் கலந்து, நேரே போய்ச் சேருமிடம் நுரையீரல். ஒரு முட்டி என்றால் அநேகமாக எல்லோர் உடம்பும் சத்தமில்லாமல் தாங்கிக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்குள் அதே அடி இரண்டாவது முறையும் விழுந்தால் எல்லா உடம்பும் தாங்காது. கம்ப்யூட்டரையும் ரோபோவையும் வைத்துச் செய்கிற இடங்களில் இப்போது அந்தக் கம்பி தேவைப்படுவதில்லை. அப்போதும் ரத்தம் போவது இரண்டு முட்டியிலிருந்துதான். ரத்தக் கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் ஊசி பரவலாக வருவதற்கு முன்னால், இரண்டு முட்டி மாற்றியவருக்கு ரத்தம் ஏற்றாமல் இரண்டாம் நாளைக் கடத்தியதாக எனக்கு நினைவில்லை. சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போன முகத்தோடு இருப்பார்கள். உட்கார வைத்தாலே தலை சுற்றும்.

அதனால்தான் எக்கோ, ஈசிஜி, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி என்று மயக்க டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். 75 வயதைத் தாண்டியவர், ஸ்டென்ட் வைத்தவர், மாடி ஏறினால் மூச்சு வாங்குபவர் என்றால் அவர் பேனாவை மூடிவிடுவார். என் கணக்கில் இந்த விஷயத்தில் கடைசி வார்த்தை அவருடையது. எங்களிடம் இருந்த ஒரு சர்ஜன் முதல் முட்டியைத் தைத்து முடித்ததும் தலையைத் தூக்கித் திரைக்கு அந்தப் பக்கம் பார்ப்பார். "போகலாமா?" என்பார். மயக்க டாக்டர் "போங்க" என்றால் அடுத்த கால். "வேண்டாம் சார்" என்றால் மறு பேச்சே இல்லை, கையுறையைக் கழற்றிவிடுவார். அப்படி ஒரு காலோடு வெளியே வந்த ஓர் அம்மா, மயக்கம் தெளிந்ததும் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, ஏமாந்த குழந்தை மாதிரி அழுதார். "ரெண்டும்னுதானே பேச்சு" என்று. ஆபரேஷனுக்கு நடுவில் அவருடைய ஆக்ஸிஜன் அளவு இறங்கியதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நான்தான் சொன்னேன். அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் அழுதார்.

2000-ஆம் வருஷம் அக்டோபரில் பிரதமர் வாஜ்பாய்க்கு மும்பை பிரீச் கேண்டி ஆஸ்பத்திரியில் இடது முட்டியை மாற்றினார்கள். வலது முட்டி 2001 ஜூனில். நடுவில் எட்டு மாத இடைவெளி. இரண்டையும் செய்தவர் நியூயார்க்கிலிருந்து வந்த சித்தரஞ்சன் ரணாவத். 1970-களில் ஜான் இன்சால், பீட்டர் வாக்கர் ஆகியோரோடு சேர்ந்து, இன்றைய செயற்கை மூட்டுக்கெல்லாம் முன்னோடியான ‘டோட்டல் காண்டிலர்’ மூட்டை உருவாக்கியவர் அவர். நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். எங்களுக்கு இது பாடமாகவே வந்தது. ஊரில் வேறு விதமாக வந்தது. "வாஜ்பாய் ஆபரேஷன்" என்று பேர் வைத்துவிட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "வாஜ்பாய்க்கே ஒண்ணு ஒண்ணாத்தான் பண்ணாங்க, எனக்கு எதுக்கு ரெண்டு?" என்று வாதாடிய ஒரு மிராசுதார் நினைவுக்கு வருகிறார். அவருக்கு மறுத்துச் சொல்ல எங்கள் சர்ஜனுக்கே வாய் வரவில்லை.

பணமும் இதற்குள் புகுந்து விளையாடும். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டின் விலைக்கு உச்சவரம்பு வைத்தது. கோபால்ட் குரோமியத்தில் செய்த வழக்கமான மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய். அதற்கு முன்னால் லட்சத்தைத் தாண்டி பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். விலை இறங்கியதும் ‘அப்போ ரெண்டையும் சேர்த்தே முடிச்சிருவோம்’ என்ற பேச்சு கூடியது. ஒரே அட்மிஷன், ஒரே மயக்கம், ஒரே ரூம் வாடகை என்ற கணக்கு நியாயமானதுதான். அதை நான் மறுப்பதில்லை.

ஆனால் என் வேலை பில் கட்டிய பிறகுதான் தொடங்குகிறது.

ஒரு முட்டி மட்டும் மாற்றியவரை எழுப்பி நிற்க வைப்பது எளிது. மாற்றாத கால், எவ்வளவு தேய்ந்ததாக இருந்தாலும், முப்பது வருஷமாகப் பழகிய கால். அதில் பாரத்தைப் போட்டு, வாக்கரைப் பிடித்து, புதுக் காலைச் சும்மா தரையில் தொட்டு நிற்பார்கள். இரண்டும் மாற்றியவருக்கு அந்த வசதி இல்லை. ஆபரேஷனுக்குப் பின் தொடையின் முன்தசை பாதிக்கும் மேல் பலமிழந்துவிடும். இங்கே இரண்டு தொடையும் அப்படித்தான். உடம்பு முழுவதும் கையில் வந்து நிற்கும். எனவே முட்டி ஆபரேஷனுக்கு வந்தவரின் தோளையும் மணிக்கட்டையும் முதலில் சோதிப்பேன். கட்டிலை உயர்த்தி, இடுப்பு முட்டியைவிட மேலே இருக்கும்படி உட்கார வைத்து, இடுப்பில் பெல்ட் கட்டி, ஒரு பக்கம் நான், மறு பக்கம் ஆயாக்கா. "முருகா" என்று ஒரு குரல் வரும். எழுந்துவிடுவார்கள்.

எல்லோரும் எழுந்ததில்லை. இது நான் செய்த தப்பு. வலிக்காக அப்போதெல்லாம் தொடை நரம்பிலேயே மரப்பு ஊசி போடுவார்கள். வலி தெரியாது, கூடவே தொடைத் தசையும் தூங்கிப்போகும். (இப்போது கொஞ்சம் கீழே, தசையை விட்டுவிட்டு உணர்வை மட்டும் மரக்கச் செய்கிற இடத்தில் போடுகிறார்கள்.) ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், இரண்டு முட்டி, இரண்டு பக்கமும் ஊசி. மறுநாள் காலை "வலது காலைத் தூக்குங்க சார்" என்றேன். தூக்கினார். வார்டில் இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். இடது காலைத் தூக்கச் சொல்லாமலேயே எழுப்பிவிட்டேன். நின்றார். ஓர் அடி வைத்தார். இடது முட்டி, பூட்டு கழன்ற கேட் மாதிரி, மடங்கியது. பெல்ட்டைப் பிடித்திருந்ததால் தலையில் அடிபடவில்லை. ஆனால் தரைக்கு வந்துவிட்டார். தையலில் இரண்டு அங்குலம் பிரிந்து, மறுபடி தியேட்டருக்குப் போனார். சாயங்காலம் அவர் கட்டிலருகில் போய் நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். "பாதிக் கணக்கைச் சரிபார்த்துட்டு முழு மார்க் போட்டுட்டீங்க" என்றார். அதற்கப்புறம் இரண்டு காலும் பத்து எண்ணும்வரை நீட்டியபடி மேலே நிற்காமல் நான் யாரையும் எழுப்பியதில்லை. வார்டில் எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி.

இரண்டாம் நாள், மூன்றாம் நாள் ராத்திரிகள் கொடுமையானவை. பாத்ரூம்தான் பெரிய கண்டம். வெஸ்டர்ன் டாய்லெட் மேல் உயரக்கட்டை போட்டிருந்தாலும், உட்காரும்போது இரண்டு காலையும் முன்னால் நீட்டி, கையை நம்பி இறங்க வேண்டும். எந்தக் காலிலும் சாய முடியாது. ஓர் அம்மா தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார், போக வேண்டியிருக்குமே என்று. அப்புறம் பாசம் வேறு. உறவினர்கள் வந்ததும் முதல் காரியமாக முட்டிக்கு அடியில் தலைகாணியைச் சொருகுவார்கள். சுகமாகத்தான் இருக்கும். அப்படியே மூன்று வாரம் இருந்தால் முட்டி நீளவே நீளாது. அரை மடக்கில் நின்றுவிடும். நான் தலைகாணியை உருவி எடுத்துவிட்டு, சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைப்பேன். மகள்களின் கண்ணில் அந்த நேரத்தில் நான் ஒரு ராட்சசி. தயிர் கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்று தயிரை நிறுத்தியிருப்பார்கள். அதை மறுபடி கொடுக்க வைப்பதற்கு வேறு தனிச் சண்டை.

இப்படியெல்லாம் சொல்வதால் நான் ஒரேயடியாகச் செய்வதற்கு எதிரி என்று நினைத்துவிடக்கூடாது. உடம்பு தாங்குகிறவர்களுக்கு, இரண்டு காலும் ஒரே மாதிரி வளைந்து கெட்டிருந்தால், நான் ஒரே தடவைக்குத்தான் ஓட்டுப் போடுவேன். காரணம் இருக்கிறது. பல வருஷமாக மடங்கியே நிற்கும் இரண்டு முட்டிகளில் ஒன்றை மட்டும் நிமிர்த்தினால், நிமிர்ந்த கால் நீளமாகிவிடும். மற்றதோ மடங்கிக் குட்டையாகவே நிற்கும். நிற்பதற்கு இரண்டையும் சமமாக்க வேண்டுமே, அந்த மனுஷி என்ன செய்வார்? புது முட்டியையும் மடக்கித்தான் நிற்பார். மூட்டின் கோணம் அளக்கும் கோனியோமீட்டரை வைத்து நான் வாரா வாரம் அளப்பேன். படுத்திருக்கும்போது நேராக நீளுகிற கால், நடக்கும்போது பத்து டிகிரி மடங்கியிருக்கும். குட்டைக் கால் செருப்பில் அட்டை ஒட்டி உயர்த்தி ஓட்டுவோம். பழைய கால் புதுக் காலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டும் மாற்றியவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. முதல் இரண்டு வாரம் அவர்கள் மோசமாக நடப்பார்கள், பார்க்கவே பாவமாக இருக்கும். மூன்றாவது மாதம் வந்து என் முன்னால் கைவீசி நடப்பார்கள். சாய்ந்து ஏமாற்ற இன்னொரு கால் இல்லாததால், இரண்டு காலும் வேறு வழியில்லாமல் வேலை கற்றுக்கொண்டுவிடும்.

நத்தத்து அம்மா மூன்றாம் மாதம் வந்தபோது ஒரு புகாரோடு வந்தார். வளைந்திருந்த கால்கள் நிமிர்ந்ததில் ஆள் கொஞ்சம் உயர்ந்துவிட்டார். "பழைய பாவாடை எல்லாம் குட்டையாப் போச்சு. சேலைக்குக் கீழ கணுக்கால் தெரியுது. இந்த வயசுல இது என்ன கூத்து?" முகம் முழுக்கச் சிரிப்பு. படி இறங்கிக் காட்டினார், கைப்பிடி இல்லாமல். முட்டி 110 டிகிரி மடங்கியது. நாற்காலிக்கு 90 போதும். குத்தவைத்து உட்கார 130 தாண்ட வேண்டும். அது வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, "அரிவாள்மனையை மேடையில வச்சு அரியச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவருக்குச் சரியாக வந்ததற்குக் காரணம் இரும்பு மாதிரி உடம்பு மட்டுமில்லை. வீட்டில் இரண்டு மருமகள்கள், கல்லூரி விடுமுறையில் இருந்த ஒரு பேரன். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கிவிட ஆள் இருந்தது. அதனால்தான் என்னிடம் யோசனை கேட்கிறவர்களிடம் நான் முட்டியைப் பற்றிக் கேட்பதில்லை. கட்டில் எவ்வளவு உயரம்? கக்கூஸ் எந்த மாதிரி? அறைக்கும் அதற்கும் நடுவில் எத்தனை நிலைப்படி? மகன் பிளேன் ஏறிய மறுநாள் ராத்திரி யார் இருப்பார்? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் மௌனம்தான். இரண்டும் மாற்றிய ஓர் அம்மாவின் வீட்டுக்கு இருபத்திரண்டாம் நாள் போனேன். முந்தைய நாள் மகன் கிளம்பிவிட்டிருந்தான். கணவருக்கு 78 வயது, கை நடுக்கம். அந்த அம்மா கட்டிலிலேயே கிடந்தார். காலையில் பால் ஊற்ற வருகிற பெண்தான் அவரை எழுப்பிப் பாத்ரூம் கூட்டிப்போகிறாள் என்றார். அடுத்த தடவை பால்காரி சாயங்காலம்தான் வருவாள். இடது முட்டி 60 டிகிரிக்கு மேல் மடங்க மறுத்தது. உள்ளுக்குள் ஒட்டியிருந்தது. கடைசியில் மயக்கம் கொடுத்து மடக்கிவிட வேண்டியிருந்தது. அவருக்கு ஒன்று ஒன்றாகச் செய்திருந்தால் ஊன்ற ஒரு பழைய காலாவது இருந்திருக்கும்.

ஒன்று ஒன்றாகச் செய்வதில் இன்னொரு சிக்கல், அதை யாரும் முதலில் சொல்வதில்லை. ஆறு வாரம், மூன்று மாதம் கழித்து அடுத்தது என்று எழுதித்தான் அனுப்புவார்கள். பலர் வருவதில்லை. முதல் தடவை தெரியாமல் வந்துவிட்டார்கள். இரண்டாம் தடவை அந்த இரண்டாம் நாள் ராத்திரி எப்படி இருக்கும் என்று தெரிந்தே வர வேண்டும். அல்லது, ஒரு கால் சரியானதே போதும் என்று மனசு சமாதானமாகிவிடும்.

ஒட்டன்சத்திரம் பக்கம் ஓர் அம்மாவுக்கு வலது முட்டி மாற்றி ஏழு வருஷமாகிறது. ஸ்டென்ட் இருந்ததால் இரண்டையும் சேர்த்துச் செய்ய மாட்டோம் என்று சொல்லி, ஒன்றைத்தான் செய்தோம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். போன மாதமும் போனேன். தொழுவத்துத் தூணில் சாய்ந்து, வலது காலில் நின்றுகொண்டு, வளைந்த இடது காலால் கன்றுக்குட்டியை ஒதுக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். இடது செருப்பில் நான் ஏழு வருஷத்துக்கு முன்பு ஒட்டிக் கொடுத்த அட்டையின் இடத்தில் இப்போது சைக்கிள் டயர் துண்டு இருந்தது, அவரே வெட்டி ஆணி அடித்திருக்கிறார்.

"இன்னொண்ணு எப்பம்மா?"

"முருங்கை சீசன் முடியட்டும் தாயி."

போன தடவை மாடு கன்று போடட்டும் என்றார். அதற்கு முந்தின தடவை பேரன் பரீட்சை. நான் குனிந்து இடது முட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை, வீக்கம் இல்லை, மடக்கினால் மட்டும் மணல் அரைகிற மாதிரி உள்ளே கரகரத்தது. காபி போடுகிறேன் இரு என்று வாசற்படி ஏறினார். கவனித்துக்கொண்டே நின்றேன். வலது கால் முதலில்.